இரண்டாம் தரம் கேட்காத ஊர்

செப்டெம்பர் 18, திங்கள்

வானத்தில் எட்டில் ஏழு பங்கு முகில். காற்று வடமேற்கிலிருந்து, மென்மையாக. கருவி இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

சமூக நிலையத்தில் வகுப்பு. ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேடக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆசிரியை டொலோரஸ் பிலிப்பைன்ஸ் நாட்டவர். இன்று என் சுயவிபரக் கோவையைத் திருத்தினார். பதினொரு பக்கம் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம் மிஞ்சியது. வயதை வெட்டினார். தகப்பனார் பெயர், சமயம், மனைவி காலமானது, பாடசாலை அதிபர் தந்த நற்சான்று எல்லாம் போயின. புகைப்படமும் ஆகாதாம்.

"பிறகு விண்ணப்பிப்பது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

மிஞ்சியது இவ்வளவுதான்: பஞ்சலிங்கம், வானிலை அவதானிப்பாளர், யாழ்ப்பாணம். மழையும் காற்றும் வெப்பமும் அளந்து கொழும்புக்கு அறிவித்தவர். நாளைய வானிலையை எதிர்வுகூறியதுண்டா என்று டொலோரஸ் கேட்டார். இல்லை, கண்டதை எழுதுவது மட்டுமே என் வேலை, அதன் பொருளைக் கொழும்பில் உள்ளவர்கள் சொல்வார்கள் என்றேன். "இதை நேர்முகத் தேர்வில் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

ஒக்டோபர் முடிவதற்குள் ஆளுக்கொரு இன்டர்ன்ஷிப் தேடிக்கொள்ள வேண்டும். சம்பளம் இல்லை. இங்கே முன்பு வேலை செய்திராதவருக்கு இங்கே வேலை தரமாட்டார்களாம். ஆகவே முதலில் சும்மா வேலை செய்து காட்ட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் பயிலுநர். இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். வயதெல்லை கிடையாதாம்.

இரவுச் சாப்பாடு: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. "அப்பா, இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?" என்று மகள் சாம்பவி கேட்டாள். "வேண்டாம் பிள்ளை" என்றேன். அவள் சோற்றுச் சட்டியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டாள். இங்கே எல்லோரும் அளவாகத்தான் சாப்பிடுகிறார்கள். நல்ல பழக்கம். படுக்குமுன் பிஸ்கட் தின்றேன்.

செப்டெம்பர் 21, வியாழன்

தெளிவான வானம். மனந்தான் தெளிவில்லை.

சாம்பவி வேலைக்குப் போகுமுன், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போற நவம்பர் இருபத்தெட்டு ரிக்கெற்றை உறுதிப்படுத்தட்டோ? பிந்தினா விலை கூடுமாம்."

"உனக்கு எது வசதியோ அப்பிடிச் செய் பிள்ளை."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சரி. பாப்பம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜூலையில் நான் வந்திறங்கிய கிழமை ஒரு பேச்சு வந்தது. "அம்மாவும் இல்லை. அங்கை ஏன் தனிய? இங்கையே இருங்கோவன் அப்பா" என்றாள். சொல்ல வேண்டிய முறைப்படி நான் சொன்னேன்: "வேண்டாம் பிள்ளை, உங்களுக்கு ஏன் கரைச்சல்." அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விளங்குகிறது. அவளுக்கென்று குடும்பம் இருக்கிறது. மருமகன் லொறி ஓட்டுகிறார். கிழமையில் பாதி நாள் அமெரிக்காவில். பல் வைத்தியசாலையில் நின்று களைத்து வருபவளுக்குத் தகப்பனும் ஒரு பாரமா? அதுவும், ஒன்பது வயதில் என்னிடமிருந்து போய், இங்கே பெரியம்மா வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவளிடம் எதையும் கேட்க எனக்கு என்ன உரித்து?

ஆனால் ஒரு இன்டர்ன்ஷிப் கிடைத்தால் கதை வேறு. அப்போது நான் இங்கே தங்குவது என் விருப்பம் ஆகாது. அலுவலகத்தின் தேவை ஆகிவிடும். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இதைத் திரும்ப வாசித்தபோது சரியாகத்தான் படுகிறது. ஆனாலும் எங்கோ ஒரு பிழை இருப்பதாகத் தோன்றுகிறது.

செப்டெம்பர் 24, ஞாயிறு

நூலகம், மரக்கன்று நிலையம், பொதிகள் பிரிக்கும் நிறுவனம் ஒன்று. மூன்றிலிருந்தும் ஒரே மாதிரிக் கடிதம். மூன்றுபேரும் என் அனுபவத்தை வியந்திருக்கிறார்கள். மூன்றுபேருக்கும் நான் வேண்டாம்.

செப்டெம்பர் 27, புதன்

இடைவிட்டு மழை. சன்னலுக்கு வெளியே ஒரு ஜாம் போத்தலை வைத்து அளக்கலாமா என்று யோசித்தேன். அயலவர் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன்.

வகுப்பில் பக்கத்துக் கதிரைக்கு பெஹ்ரூஸ் என்ற ஈரானியர் வந்திருக்கிறார். பாலம் கட்டும் பொறியியலாளர். என்னைவிடப் பத்து வயது இளமை, குரல் என்னுடையதைவிடப் பத்து மடங்கு. பிஸ்தாப் பருப்புப் பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். நீட்டிய கையை எடுக்கவில்லை. சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன். "என் தாயின் மேல் ஆணை, எடுங்கள்" என்றார். எடுத்தேன். பசியோடுதான் இருந்திருக்கிறேன் போல, நிறையச் சாப்பிட்டேன். பிறகு நான் என் வாழைப்பழத்தை நீட்டினேன். அவரும் இரண்டு தரம் மறுத்து, மூன்றாந்தரம் பாதியை முறித்து எடுத்துக்கொண்டார்.

அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. ஆனாலும் அந்த மனிதரோடு இருக்கும்போது ஏனோ குழப்பம் குறைகிறது.

செப்டெம்பர் 29, வெள்ளி

நேர்முகத் தேர்வு! ஆறுகளையும் வெள்ளத்தையும் கவனிக்கும் ஓர் அலுவலகம். இரண்டு பஸ் மாறவேண்டும். தவறவிடக்கூடாதென்று ஒரு பஸ் முந்தியே போய், ஆற்றோர வாங்கில் அமர்ந்து பதில்களைப் பாடமாக்கினேன்.

அலுவலக முற்றத்தில் ஒரு மழைமானி. அதைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது, பிறகு கலங்கியது. ஒரு மேப்பிள் மரத்தின் கீழே வைத்திருக்கிறார்கள்! கொப்புகள் பாதி மழையைத் தடுக்கும், மீதியைப் பிந்திச் சொட்டும். சொல்வதா, விடுவதா? வேலை கேட்டு வந்தவன் வாசலிலேயே குற்றம் கண்டுபிடிப்பது அழகல்ல. அவர்கள் வேறேதோ முறைப்படி வைத்திருக்கவும் கூடும். என் படிப்பும் பழையதுதானே.

பொறுப்பாளர் ஹெதர் என்ற பெண்மணி, நரைத்த குதிரைவால் கொண்டை, கையில் சேற்றுக் கறை. கோப்பி வேண்டுமா என்று கேட்டார். தொண்டை வறண்டுதான் இருந்தது. வேண்டாம் என்றேன். சரியென்று தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோப்பி அவ்வளவுதான் மிஞ்சியிருந்ததோ என்னவோ.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." தகப்பனார் பெயரில் தொடங்கிவிட்டேன். நினைவு வந்து நிறுத்தி, வெப்பமானி, காற்றுத்திசைகாட்டி என்று போனேன். போரில் ஷெல் விழுந்த காலத்திலும் அளவெடுத்தீர்களா என்று கேட்டார். அறிவிக்க வழியில்லாத நாள்களில் எழுதி மட்டும் வைத்தேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வேலை, தொண்டர்கள் கையால் எழுதி அனுப்பிய பழைய மழைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது. திங்கள் முதல் வியாழன்வரை வரமுடியுமா என்றார். உங்களுக்கு எது வசதியோ என்றேன்.

மழைமானியைப் பற்றிச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த மரமே கண்ணுக்குள் நின்றது.

ஒக்டோபர் 3, செவ்வாய்

ஹெதர் தொலைபேசியில் பேசினார். நல்ல சமிக்ஞை என்றே நினைக்கிறேன். உரையாடலை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

உங்களை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த திங்கள் விடுமுறை, அதற்கடுத்த நாள் தொடங்கலாமா என்றார். உடனே ஆம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனாலும் பதறாமல், முறையாகவே பேசினேன். இது எனக்குப் பெரிய கௌரவம், என்னைவிடத் தகுதியான இளையவர்கள் பலர் இருப்பார்கள், எனக்காகச் சிரமப்பட வேண்டாம் என்றேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டார். "தயவுசெய்து எனக்காக நீங்கள் சங்கடப்படக்கூடாது" என்றேன். "சரி. சொன்னதற்கு நன்றி. நல்லபடியாக இருங்கள்" என்று வைத்துவிட்டார்.

பண்பான பெண். மேலிடத்தில் கலந்து பேசிவிட்டு உறுதிப்படுத்துவார் என்று நினைக்கிறேன்.

சாம்பவியிடம் சொல்லவில்லை. உறுதியாகாத ஒன்றைச் சொல்லி ஏன் அவளை அலைக்கழிக்க? நீல நிறச் சேர்ட்டை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஒக்டோபர் 4, புதன்

அழைப்பு இல்லை. குளிக்கும்போதும் தொலைபேசியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன்.

ஒக்டோபர் 6, வெள்ளி

இல்லை. நீண்ட விடுமுறை வருகிறது; அதனாலாக இருக்கும்.

மாலையில் சாம்பவி கேட்டாள்: "அந்த ஆத்து ஒஃபிசிலையிருந்து ஒண்டும் வரேல்லையோ?"

"கதைச்சவை. யோசிச்சுச் சொல்லுவினம்."

"யோசிக்க என்ன கிடக்கு? அவைக்கு நீங்கள் வேணுமோ வேண்டாமோ?"

"அப்பிடி முகத்துக்கு நேரை சொல்லுவினமே?"

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம் அப்பா."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெதர் அப்படிப்பட்டவர் அல்ல.

ஒக்டோபர் 9, திங்கள்

நன்றி சொல்லும் விடுமுறை நாள். மச்சாள் வீட்டில் மதியச் சாப்பாடு. மச்சாள் என் மனைவியின் அக்கா, சாம்பவியை வளர்த்தவர். வான்கோழியும் இருந்தது, ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தது. வான்கோழியை யாரும் தொடவில்லை. படம் எடுக்க வாங்கியதாம்.

"மச்சான், சோறு?"

"போதும் மச்சாள்."

"என்ன போதும்? கோழிக்குஞ்சு மாதிரிக் கொறிச்சுக்கொண்டு இருக்கிறியள்." அகப்பை நிறையப் போட்டார்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்."

"மச்சான் மரியாதைக்குச் சொல்லுறார்! நாங்கள் அறியாத ஆளே?" இன்னொரு அகப்பை. அதன்மேல் இறைச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த வசனத்தை மச்சாள் வெகுகாலத்துக்கு முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்போதும் அன்பினால்தான். அது போகட்டும்.

மூன்றாந்தரம் போட்டதையும் சாப்பிட்டேன். எதிரே இருந்த சாம்பவி தன் சாப்பாட்டுக் கோப்பையில் கைவைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் வானொலியை அணைத்தாள். "அப்பா, என்ரை சமையல் உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

"சீச்சீ. ஆர் சொன்னது?"

"வீட்டிலை ஒரு அகப்பைக்கு மேலை நீங்கள் சாப்பிட்டு நான் காணேல்லை. அங்கை மூண்டு தரம் சாப்பிட்டியள்."

மச்சாள் போட்டார், சாப்பிட்டேன் என்றேன். அது பதில் அல்ல என்று எனக்கே தெரிந்தது. ஆனால் கேள்வி என்ன என்பதும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. அவள் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனங்களைப் பார்த்தபடியே வீடுவரை ஓட்டினாள். பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை.

ஒக்டோபர் 12, வியாழன்

தாழ்ந்த முகில். எத்தனை பங்கு என்று பார்க்க மனமில்லை.

வகுப்பு முடிந்ததும் டொலோரஸ் என்னை நிற்கச் சொன்னார். முகம் சரியில்லை. "ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஹெதர் எழுதியிருக்கிறார். நீங்கள் மறுத்துவிட்டீர்களாம்."

நான் மறுக்கவில்லை என்றேன்.

இடம் தருவதாகச் சொன்னாராம். நான் வேண்டாம் என்றேனாம். நிச்சயமாகவா என்று கேட்டாராம். மறுபடியும் வேண்டாம் என்றேனாம். இந்தச் செவ்வாய் முதல் ஒரு பல்கலைக்கழக மாணவி அங்கே வேலை செய்கிறாளாம். "உங்களுக்கு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறார்" என்றார் டொலோரஸ்.

கதிரையில் உட்கார்ந்தேன். உட்காரும்படி அவர் சொல்லியிருந்தாரா என்பது நினைவில்லை.

பெஹ்ரூஸ் மேலங்கியை மாட்டியபடி கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். முதலில் பலமாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அவர் கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அப்படியா?"

"மரியாதைக்கு."

"எனக்குச் சொல்லவேண்டுமா? முதல் மாதம் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறாயா என்றார், வேண்டாம் என்றேன், அவர் போய்விட்டார்! கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஐயா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு!" மேசையில் தட்டினார். "இவர்களிடம் ஒரு ஆமும் ஒரு இல்லையும்தான் இருக்கின்றன. அதனால்தான் எல்லாம் இவ்வளவு வேகமாக நடக்கிறது."

டொலோரஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "விருப்பம் என்றால் விருப்பம் என்று சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

சொல்லலாம்தான். ஆனால் அது எப்படி இருக்கும்? பந்தியில் இருந்துகொண்டு, கொண்டா என்று கை நீட்டுவது போல இருக்காதா?

ஒக்டோபர் 13, வெள்ளி

ஹெதருக்குச் சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். "தாங்கள் சிரமம் பாராது" என்று தொடங்கியது. வெட்டினேன். "தங்களுக்கு வசதிப்பட்டால்." வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இரண்டே சொல்: எனக்கு விருப்பம். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிராது.

இலக்கத்தைத் தட்டி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் என்னால் வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை. ஹெதர் கேட்டபோது அது உபசாரக் கேள்வி அல்ல என்றால், மற்றவர்கள் கேட்டவை? சோறு? ஜூலையில் கேட்டது?

இல்லை. அவள் என் மகள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒன்பது வயதுவரைதான் என்னோடு இருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பந்தியில் யாரும் வேண்டுமா என்று கேட்பதில்லை. போட்டுவிடுவோம்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

காலையில் மூடுபனி, பத்து மணிக்குமேல் கலைந்தது. இன்று நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுத முயல்கிறேன்.

அறிவிக்காமல் ஹெதரின் அலுவலகத்துக்குப் போனேன். முற்றத்தில் மேப்பிள் இலைகள் கொட்டி மழைமானியே நிரம்பியிருந்தது. உள்ளே அந்த மாணவி காதில் எதையோ மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வேகமாகச் செய்கிறாள். என்னால் அந்த வேகத்தில் முடிந்திராது.

ஹெதர் என்னைக் கண்டதும் எழுந்தார். புதிய இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"புதிய இடம் இல்லை. எனக்கு இந்த இடந்தான் விருப்பம். அன்றைக்கும் விருப்பந்தான்."

சொல்லிவிட்டேன். கூரை இடியவில்லை. ஆனால் காது சுட்டது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இது எவ்வளவு முட்டாள்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே தோன்றியது. அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டுமா?" என்றார். ஆமாம் என்றேன். "மன்னியுங்கள்" என்றார். பிழை அவருடையது அல்ல. பின் யாருடையது என்பதும் தெரியவில்லை.

இந்தப் பருவத்துக்கு இடமில்லை. ஆனால் ஜனவரியில் பனியின் ஆழம் அளக்கவும் ஆற்றில் பனிக்கட்டி உடைவதைக் கவனிக்கவும் ஒருவரை எடுப்பார்களாம். ஏப்ரல்வரை. நான் பனியை அளந்ததில்லை என்ற உண்மையைச் சொன்னேன். அதற்குத்தானே பயிற்சி என்றார். டொலோரஸுக்கு அவரே எழுதுவாராம்.

பிறகு கேட்டார்: "ஜனவரியில் நீங்கள் ரொறன்ரோவில் இருப்பீர்களா?"

நவம்பர் இருபத்தெட்டு. ரிக்கெற். சாம்பவியிடம் கேட்க வேண்டும். மருமகனிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு எது வசதியோ என்ற வசனம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவர் பேனாவோடு காத்திருந்தார். ஒரு தரம்தான் கேட்பார். அது எனக்கு இப்போது தெரியும்.

"இருப்பேன்" என்றேன்.

கோப்பி வேண்டுமா என்றார். வேண்டும் என்றேன். அடுப்புக்கரியைக் கரைத்தது போல் இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

புறப்படும்போது, இனியும் தாமதிக்கக்கூடாதென்று மழைமானியைப் பற்றிச் சொன்னேன். மரத்தின் கீழ் இருப்பதால் அளவு பிழைக்கும் என்றேன். "அதுவா? அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கு. அளக்கிறது மேலே கூரையில்" என்றார். மூன்று கிழமையாக அந்த மரத்தை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்வழியெல்லாம் பயம். மகள் வீட்டில் தங்குவதாக, மகளைக் கேட்காமல், அந்நியர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அதே நாள், மாலை

சாம்பவி மீன்குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்றேன்.

"பிள்ளை, ஜனவரியிலை எனக்கு ஒரு இன்டர்ன்ஷிப் தந்திருக்கினம்."

"உண்மையாவோ!" முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் மங்கியது. "அப்ப ரிக்கெற்?"

"அதுதான்... நான் இங்கை இருந்தால் உங்களுக்கு..." அந்த வசனம் போகிற வழி எனக்குத் தெரியும். நிறுத்தினேன். மறுபடியும் தொடங்கினேன். "எனக்கு இங்கை இருக்க விருப்பம்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் ஜூலையிலையே கேட்டனான் அப்பா. வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம். நீ ஒரு தரம்தானே கேட்டனீ."

"எத்தினை தரம் கேக்கவேணும்?"

"குறைஞ்சது மூண்டு."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்தினாள். "பொறுங்கோ. சோறும் அப்பிடியோ?"

"சோறும் அப்பிடித்தான்."

"மூண்டு மாசமாப் பசியோடையோ படுத்தனீங்கள்?"

"பிஸ்கட் கிடந்தது."

"அதுதான் பிஸ்கட் முடிஞ்சுகொண்டே போகுது! நான் இவர்தான் லொறிக்குக் கொண்டுபோறார் எண்டு பேசிப்போட்டன்." சிரிக்கிறாளா, கோபமா என்று சொல்லமுடியவில்லை. "எனக்கு என்னெண்டப்பா தெரியும்? பெரியம்மா ஒருநாளும் கேக்கமாட்டா. போடுவா. பள்ளிக்கூடத்திலை நோ எண்டால் நோ எண்டுதான் படிப்பிச்சவை. நீங்கள் வேண்டாம் எண்டவுடனை, சரி, இவருக்கு எங்களோடை இருக்க விருப்பமில்லையாக்கும் எண்டு..." முடிக்கவில்லை. குழம்பைக் கிண்டினாள்; கிண்ட வேண்டிய தேவை இல்லை. பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப, ஒராளுக்கு உண்மையாவே வேண்டாம் எண்டால்? அதை என்னெண்டு சொல்லுறது?"

இதற்கு நான் யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். காலையிலிருந்து நேராகப் பேசிப் பேசி வாய் அப்படியே பழகிவிட்டது.

"அதுக்கு வழியில்லைப் பிள்ளை. உன்னைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு மச்சாள் கேக்கேக்கை நானும்தான் சொன்னனான், வேண்டாம், வேண்டாம் எண்டு. மச்சான் மரியாதைக்குச் சொல்லுறார், நீ பெட்டியை அடுக்கு எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டா."

அவள் அடுப்பின் சூட்டைக் குறைத்தாள்.

"நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"என்னை அனுப்பவேண்டாம் எண்டு?"

"ஓம்."

"அப்பாதான் அனுப்பி வைச்சவர் எண்டுதான் எனக்குத் தெரியும். நான் இருந்தால் கரைச்சல் எண்டு."

"அனுப்பினதும் நான்தான். கடைசியிலை நான்தானே பஸ்ஸிலை ஏத்தி விட்டனான்." அவள் முகத்தைப் பார்த்து, அவசரமாக மேலும் சொன்னேன்: "பெரியம்மாவிலை ஒரு பிழையும் இல்லை. ஷெல்லடிக்காலம். அவ கேட்டது சரி. உன்னைக் காப்பாத்தினவ."

"எத்தினை தரம் சொன்னனீங்கள்?"

"என்ன?"

"வேண்டாம் எண்டு. எத்தினை தரம்?"

அளந்து பதிவதே தொழிலாய் இருந்தவன். அதை மட்டும் நான் எண்ணவில்லை. "பஸ் வரும்வரைக்கும்" என்றேன்.

சாம்பவி அடுப்பை அணைத்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். சன்னலுக்கு வெளியே மேற்கில் கொஞ்சம் மட்டும் முகில், மற்றப்படி தெளிவு. மேசையை நான் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

சோறு போட்டாள். சாப்பிட்டேன். சட்டியோடு நின்றபடியே கேட்டாள்: "இன்னும் கொஞ்சம்?"

"போடு."

போட்டாள். "இன்னும்?"

"போதும்."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான்."

"இன்னொருக்காக் கேக்கவோ?"

"வேண்டாம். இது உண்மையான 'போதும்'."

தலையாட்டினாள், புதிதாக ஒரு அளவுக்கருவியை வாசிக்கப் பழகுபவள் போல. கைபேசியை எடுத்து ஏதோ தட்டினாள். நவம்பர் ரிக்கெற்றை இரத்துச் செய்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு சட்டியை மூடி, குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"நீ சாப்பிடேல்லையோ?"

"எனக்கு வேண்டாம் அப்பா."

இது எந்த வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. கண்டதை மட்டும் எழுதுகிறேன். கண் சிவந்திருந்தது. அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை எடுக்கப்படாமல் பாத்திரத் தட்டில் கவிழ்ந்தபடியே இருந்தது.

இன்னொரு தரம் கேட்டேன்.